சே குவேராவின் ஓதற்பிரிவு

தமிழர் நிலத்தை ஐந்தாக வகுத்தனர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அவ்வைந்தனுள் பாலைக்கு மட்டும் தொல்காப்பியர் தனிநிலம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துத் தோன்றுவதே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகின்றது. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. அப்பிரிவுக்குரிய காரணங்களுள் ஓதல், பகை, தூது என்னும் மூன்றைத் தொல்காப்பியர் முற்பட எடுத்துரைப்பர். கல்வி கருதிப் பிரிதல், போர் கருதிப் பிரிதல், அரசர்க்கு இடைநின்று தூது செல்லப் பிரிதல் என்பன அவை. பிராசீனக் கல்லூரியில் பண்டித வகுப்பிற் பயின்ற காலத்தில் இம்மூன்றையும் மனனம் செய்தேன். இம்மூன்று பிரிவும் ஒருவர் வாழ்விலேயே அமைந்து, அவற்றுள் முதற்பிரிவு மெய்யான பாலை நிலத்திலேயே நிகழ்ந்த வரலாறு ஒன்றைப் பின்னாளிற் படித்தபோது, அது தமிழ் இலக்கணம் அறிந்தவர் ஊன்றிப் படித்தற்குரியது என்று தோன்றிற்று. அவ்வரலாற்றுக்குரியவர் ஏர்னஸ்டோ குவேரா. உலகம் அவரைச் சே குவேரா என்று அழைக்கின்றது.

யான் வாழும் பாசிக்குடா நெய்தல் நிலம். பவளப் பாறை அலையைத் தடுத்து நிற்க, நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவே நீருள்ள அமைதியான குடா இது. பாலையின் சுவடே இல்லாத இவ்வூரிலும் அம்மனிதரின் முகம் காணப்படுகின்றது. முச்சக்கர வண்டியின் பின்புறத்திலும், இளைஞரின் மேற்சட்டையிலும், மோட்டார்ச் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியிலும் நட்சத்திரத் தொப்பியும் கலைந்த தலைமயிருமாக அவர் நோக்கிக்கொண்டிருக்கின்றார். என் மாணாக்கர் சிலரிடம் அவர் யாரென வினவினால், மோட்டார்ச் சைக்கிளிற் பாலைவனத்தைக் கடந்தவர் என்பர். வேறு சிலர் துப்பாக்கி ஏந்தியவர் என்பர். பிற்கூற்று உண்மை. முற்கூற்றோ பாதி உண்மை. அம்மோட்டார்ச் சைக்கிள் பாலைவனத்தைச் சென்றடையவேயில்லை. அது வழியிலேயே செத்துவிட்டது. அவர் கல்வி உண்மையில் தொடங்கியது அதன் பின்னரேயாம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவேரா 1928ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனா நாட்டின் ரொசாரியோ நகரிற் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் ஐவர்; இவரே மூத்தவர். பழங்குடிப் பெருமையும் குறைந்துவரும் செல்வமும் உடைய குடும்பம் அது. இரண்டு வயதளவில் இவரை ஈளைநோய் பற்றிற்று. மூச்சுத் திணறும் இரவுகளில் தந்தையின் மார்பிற் சாய்ந்தபடியே குழந்தை உறங்கும். ஈரக்காற்று இந்நோய்க்குப் பகையென்று வைத்தியர் உரைத்தமையால், வறண்ட மலைக்காற்றுடைய அல்ரா கிராசியா என்னும் ஊருக்குக் குடும்பம் முழுவதும் குடிபெயர்ந்தது. நோயினால் ஒழுங்காகப் பள்ளி செல்ல இயலாத சிறுவனுக்குத் தாய் செலியா வீட்டிலேயே எழுத்தறிவித்தார். படுக்கையிற் கிடந்தவாறே தந்தையின் நூலகத்தைச் சிறுவன் படித்துத் தீர்த்தான். உடல் நலிந்தவன் என்று பிறர் இரங்குவதைப் பொறாமல், முட்டி மோதி ஆடும் றக்பி ஆட்டத்தில் இறங்கினான். மூச்சு முட்டினால் ஆடுகளத்தின் ஓரத்துக்கு ஓடி மருந்தை உள்ளிழுத்து, மீண்டும் ஆட்டத்திற் புகுவான். தன் உடலின் தடையைத் தானே தாண்டுதல் என்னும் பிடிவாதம் அவர் வாழ்வு முழுவதும் தொடர்ந்தது. அதுவே அவருடைய வலிமை. பிறர் உடலையும் உயிரையும் அதே கடுமையுடன் அளந்தமை பின்னாளில் அவருடைய குறையுமாயிற்று.

இளமை நீங்கும் பருவத்தில் புவெனஸ் அயர்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். ஒவ்வாமை நோய்களில் வல்லவரான ஒரு வைத்தியரின் ஆய்வுகூடத்திற் பணியும் புரிந்தார். 1950ஆம் ஆண்டு விடுமுறையில், மிதிவண்டியொன்றில் சிறு இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு தம் நாட்டின் வடபகுதி மாகாணங்களைத் தனியே சுற்றி வந்தார். நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றரளவு நீண்ட பயணம் அது. வழியில், அல்பேர்ட்டோ கிரனாடோ என்னும் நண்பர் பணியாற்றிய தொழுநோய் வைத்தியசாலையிற் சில நாள் தங்கினார். கிரனாடோ உயிர் இரசாயனம் பயின்றவர்; குவேராவிலும் ஆறு ஆண்டு மூத்தவர். தென்னமெரிக்கக் கண்டம் முழுவதையும் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய கனவு. நூல்களில் படித்த கண்டத்தைக் கண்ணாலும் காண வேண்டும் என்னும் ஆசை இருவரையும் ஒன்றுசேர்த்தது.

கிரனாடோவிடம் 1939ஆம் ஆண்டில் செய்யப்பட்ட நோர்ட்டன் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றிருந்தது. ஐந்நூறு கன சென்ரிமீற்றர் இயந்திரம் உடையது. வல்லமையுடையாள் என்று பொருள்தரும் பெண்பாற் பெயரை அதற்கு அவர் இட்டிருந்தார். பெயரில் இருந்த வல்லமை பொறியில் இல்லை என்பது பின்னரே தெரிந்தது. 1952ஆம் ஆண்டு ஜனவரி மாதத் தொடக்கத்தில் இருவரும் புவெனஸ் அயர்ஸை விட்டுப் புறப்பட்டனர். அப்போது குவேராவுக்கு வயது இருபத்து மூன்று. மருத்துவப் பட்டத்துக்குரிய தேர்வுகள் சில எஞ்சியிருந்தன.

தலைவியைப் பிரியாத ஓதற்பிரிவு ஏது? குவேராவுக்கும் ஒரு காதலி இருந்தாள், செல்வக் குடியினள். அவள் கோடைக்குத் தங்கியிருந்த கடற்கரை ஊருக்கு முதலிற் சென்று, திரும்பி வருவேன் என்னும் குறிப்பை உட்கொண்ட பெயரிட்ட நாய்க்குட்டி ஒன்றை அவளிடம் விட்டுவிட்டுச் சென்றார். சில வாரங்களின் பின், மலையடிவார நகரம் ஒன்றில், உறவை முறித்துக்கொள்ளும் அவளுடைய மடல் அவரை வந்தடைந்தது. நம் அகப்பாடல்களிற் பொருள்வயிற் பிரிந்த தலைவன் சுரத்திடை நின்று தன் நெஞ்சுடன் உரையாடுவான். இளைஞர் குவேராவும் மடலைப் பலமுறை படித்துத் தம் நெஞ்சுடன் உரையாடிய பின்னரே மேலே சென்றார்.

வண்டியோ அடிக்கடி சரிந்தது. மணலிற் சறுக்கிற்று, சரளைக் கல்லிற் புரண்டது, ஒரே நாளிற் பன்முறை இருவரையும் நிலத்தில் வீழ்த்திற்று. கம்பியால் இறுகக் கட்டியும், கண்ட ஊரிலெல்லாம் கருமானை நாடியும் அதனை ஓட்டினர். அந்தீஸ் மலைத்தொடரின் ஏரிகளைப் படகிற் கடந்து சிலி நாட்டை அடைந்தபோது, அப்படகில் நீர் இறைத்தே பயணக் கூலியைக் கழித்தனர். தெமுக்கோ நகரின் நாளிதழ் ஒன்று இவ்விருவரையும் தொழுநோய் ஆய்வில் வல்ல அறிஞர் என்று வருணித்துச் செய்தி வெளியிட்டது. அச்செய்திக்கு மூலம் அவர்கள்தம் வாய்ச்சொல்லே என்க. அதனைக் காட்டி உணவும் உறையுளும் பெற்றனர். இளமைக் குறும்பு நிறைந்த பகுதி இது. இதுவரையும் அவர்கள் ஊர் சுற்றிகளேயன்றி வேறல்லர். பிறரும் அவர்களை மதித்தது வண்டியேறி வந்த விருந்தினர் என்பதனாலேயாம்.

பின்னர் ஒரு மலைச்சரிவில் தடைக்கட்டை அறுந்தது. சட்டகம் உடைந்தது. இனித் திருத்த இயலாது என்னும் நிலை வந்தது. செத்த வண்டியை லொறியொன்றில் ஏற்றிச் சென்று, தலைநகராகிய சந்தியாகோவில் விட்டுவிட்டு, மூட்டையைத் தோளிற் சுமந்து நடக்கத் தொடங்கினர். நோர்ட்டன் வண்டியின் கதை இவ்வளவே. பயணம் முழுவதும் எட்டு மாதம். அதில் வண்டி வந்தது இரண்டு மாதம்.

வண்டியில் இருப்பவன் வழியைப் பார்க்கின்றான். நடப்பவன் மனிதரைப் பார்க்கின்றான். வண்டி இழந்தபின் இவ்விருவரும் வழிப்போக்கராயினர். பிறர் தரும் இடத்திற் படுத்து, பிறர் தரும் சோற்றை உண்ண வேண்டியவராயினர். அடுத்த துறைமுக நகரமாகிய வல்பரைசோவில், பணிப்பெண்ணாக இருந்த முதியவள் ஒருத்தி நோயுற்றுக் கிடக்கிறாள் என்று குவேராவை அழைத்துச் சென்றனர். அவளுக்கும் ஈளைநோய்; அதனுடன் இதயமும் தளர்ந்திருந்தது. ஒரு மாதத்துக்கு முன்வரையும் மூச்சிரைக்க ஏவல் செய்தவள் அவள். உழைக்க முடியாமற் போனதும் வறிய வீட்டாருக்கே அவள் சுமையாகிவிட்டாள். தம் நோயைத் தாமே அறிந்த அந்த மருத்துவ மாணவர், தம்மிடமிருந்த சில மாத்திரைகளைக் கொடுத்தார், உண்ணத்தக்கவற்றைச் சொன்னார், அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை உணர்ந்தார். இந்நோய்க்கு மருந்து வைத்தியசாலையில் மட்டும் இல்லை என்னும் எண்ணம் அவருடைய குறிப்பில் முதன்முதலாக அங்கேயே தலைகாட்டுகின்றது.

வடக்கே செல்லும் கப்பல் ஒன்றில் இருவரும் ஒளிந்து ஏறினர். ஒளிந்த இடம் கழிப்பறையாதலால் நெடுநேரம் தாங்க மாட்டாது வெளிப்பட்டனர். கப்பற்றலைவன் ஒருவரைக் கழிப்பறை கழுவவும் மற்றவரை உருளைக்கிழங்கு உரிக்கவும் ஏவினான். இவ்வாறு அந்தோபகஸ்தா துறைமுகத்தில் இறங்கியபோது அவர்கள் முன் கிடந்தது அட்டக்காமாப் பாலைவனம்.

அப்பாலையின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். துருவப் பகுதிகளை நீக்கி நோக்கினால் உலகில் மிக வறண்ட நிலம் அதுவே. கிழக்கே அந்தீஸ் மலைத்தொடர் மழைமேகத்தை மறிக்கின்றது. மேற்கே பசிபிக் கடலிற் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகின்றது. அதன்மேல் வரும் காற்று பனிமூட்டத்தைத் தருமேயன்றி மழையைத் தராது. பல ஆண்டு தொடர்ந்து ஒரு துளியும் வீழாத இடங்கள் அங்கு உண்டு. பகலிற் கல்லும் சுடும். இரவிலோ உடல் விறைக்கும். மரமும் புல்லும் இல்லாத அந்நிலத்தின் அடியில் வெடியுப்பும் செம்பும் இருந்தன. அவ்வெடியுப்பின் பொருட்டே 1879 முதல் 1884 வரை சிலி ஒருபுறமும் பெருவும் பொலிவியாவும் மறுபுறமுமாக நின்று போரிட்டன. பொலிவியா தன் கடற்கரையை இழந்தது அப்போரினாலேயாம். பின்னர்ச் செயற்கை உரம் வந்து வெடியுப்பின் விலை வீழவே, செம்பு முதலிடம் பெற்றது.

அப்பாலையில் பக்கெடானோ என்னும் சிற்றூரில் ஓரிரவு தங்கியபோது, வேலை தேடிச் செல்லும் தொழிலாளி ஒருவரையும் அவர் மனைவியையும் இருவரும் சந்தித்தனர். தொழிலாளி பொதுவுடைமைக் கட்சியினர். அக்கட்சி 1948ஆம் ஆண்டு முதல் சிலியில் தடைசெய்யப்பட்டிருந்தது. மூன்று மாதம் சிறையிலிருந்து வெளிவந்தவர் அவர். பிள்ளைகளை அயல் வீட்டாரிடம் விட்டுவிட்டு மனைவி அவருடன் வந்திருந்தாள். ஊர்ப் பெயரும் கட்சிப் பெயரும் கேளாமல் ஆளை எடுக்கும் இடம் மலைமேலுள்ள கந்தகச் சுரங்கம் ஒன்றே. அங்கு உழைப்பு அத்துணைக் கொடிதாதலின் வருவாரை எவரும் வினவுவதில்லை. அங்கேயே அவர்கள் செல்கின்றனர். மெழுகுதிரி வெளிச்சத்தில் நால்வரும் பாணும் பாலாடைக் கட்டியும் பகிர்ந்து உண்டனர். அவ்விருவரிடமும் போர்வை இல்லை. குவேராவும் கிரனாடோவும் தம்மிடமிருந்த போர்வைகளுள் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்து, மற்றதனுள் தாம் ஒடுங்கிக் கிடந்தனர். தம் வாழ்விலே மிகக் குளிர்ந்த இரவுகளுள் ஒன்று அது என்றும், ஆயினும் மனித இனத்துடன் அன்றுபோல் முன்பு நெருங்கியதில்லை என்றும் பொருள்பட அவர் பின்னாளில் எழுதி வைத்தார்.

பாலைத்திணைப் பாடல்களிலும் சுரத்திடைக் கண்டோர் உளர். தலைவனுடன் வெம்மைவழி செல்லும் தலைவியைக் கண்டு இரங்குவார் அவர். அவ்விரக்கத்தின் நிழலை யான் இவ்விடத்திற் காண்கின்றேன். ஒன்றே வேறுபாடு: இங்கு கண்டோர் இரங்கியதுடன் அமையாது, ஏன் என்று வினவவும் தொடங்கினர்.

அடுத்து அவர்கள் கண்டது சுக்கிக்கமாட்டாச் செம்புச் சுரங்கம். நிலத்தைப் படிப்படியாக அகழ்ந்த பெரும்பள்ளம் அது. அத்தகைய சுரங்கங்களுள் உலகிலேயே மிகப் பெரியனவற்றுள் ஒன்று. அக்காலத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் உடைமையாக இருந்தது. 1971ஆம் ஆண்டிலேயே சிலி அரசு அதனை நாட்டுடைமையாக்கிற்று. அவர்கள் சென்ற வேளையில் வேலைநிறுத்தம் ஒன்று மூண்டுகொண்டிருந்தது. பொறிகளின் பெருமையை வழிகாட்டி விரித்துரைக்க, குவேராவின் கண் அங்கிருந்த இடுகாட்டின்மேற் சென்றது. மண்சரிவாலும், நெஞ்சிற் படியும் கற்றூளாலும், மலையின் கொடுங்குளிராலும் மாண்டோர் அங்கே கிடந்தனர். எத்தனை பேர் என்னும் வினாவுக்கு வழிகாட்டியிடம் விடை இல்லை. செம்பு இல்லாமல் மின்கம்பி இல்லை. அவர்கள் விட்டுவந்த மோட்டார்ச் சைக்கிளும் ஓடியிராது. ஊர்தியில் விரைந்தபோது எண்ணிப் பாராத அந்தச் செம்பின் விலை, காலால் நடந்தபோது தெரிந்தது.

பின்னர் வடக்கே நடந்தனர். பகல் வெயிலில் நடக்க இயலாது தோற்றுத் திரும்பியதும் உண்டு. லொறிக்காரர் இரங்கி ஏற்றிச் சென்றதும் உண்டு. வெடியுப்புக் களங்களைக் கடந்து, அரிக்கா நகர் வழியாகப் பெரு நாட்டினுட் புகுந்தனர். தித்திக்காக்கா ஏரியையும், பண்டை இன்கா மன்னரின் கொஸ்கோ நகரையும், மச்சு பிச்சு என்னும் மலைநகரத்தின் இடிபாட்டையும் கண்டனர். அம்மதில்களைக் கட்டியவரின் வழிவந்தோர், லொறியின் பின்தட்டில் ஆடுமாடுகளுடன் ஒடுங்கி அமர்ந்திருப்பதையும் கண்டனர். தலைநகராகிய லீமாவில், தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ஊகோ பெஸ்சே என்னும் பேரறிஞர் அவர்களுக்கு உணவளித்து வழிகாட்டினார். அங்கு வைத்தியசாலையிலிருந்த தொழுநோயாளர், தம் கைப்பொருளைத் திரட்டி இவ்விருவருக்கும் வழிச்செலவு கொடுத்தனர். கையுறை அணியாமற் கைகுலுக்கினர், எம் அருகே அமர்ந்தனர், எம்முடன் பந்தாடினர் என்பதே அந்நோயாளர் கூறிய காரணம்.

1952 ஜூன் மாதம் அமேசான் நதிக்கரையிலுள்ள சான் பாப்லோ என்னும் தொழுநோயாளர் குடியிருப்பை அடைந்தனர். தம் இருபத்து நான்காம் பிறந்தநாளைக் குவேரா அங்கேயே கழித்தார். அந்நாட்களில் ஒருமுறை அப்பெருநதியை நீந்தியும் கடந்தார். ஈளைநோயாளன் ஒருவனுக்கு அது எளிய செயலன்று. அவர்கள் விடைபெறும் முன்னர், நோயாளர் இரவிற் படகேறி வந்து கரையோரம் நின்று இசைபாடி வாழ்த்தினர். இசைக்கருவி வாசித்தவனுக்கு வலக்கையில் விரல்கள் இல்லை; மணிக்கட்டிற் குச்சிகளைக் கட்டிக்கொண்டு வாசித்தான். மட்டக்களப்பு வாவியினுள் மாந்தீவு என்று ஒரு தீவு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே தொழுநோயாளரை வைத்துப் பேணும் இடமாக அமைந்தது. நீர் சூழ்ந்த நிலத்தில் மனிதரை மனிதர் ஒதுக்கி வைத்தல் எத்தகையது என்பதை எம் பகுதியார்க்கு யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின் சான் பாப்லோவில் அவ்விரவு ஒலித்த இசையின் பொருளை எம்மவர் எளிதில் உணர்வர்.

கொலம்பியா வழியாக வெனிசுவேலாவை அடைந்ததும், கிரனாடோ அங்குள்ள தொழுநோய் வைத்தியசாலையிற் பணி ஏற்றுத் தங்கிவிட்டார். குவேரா குதிரைகள் ஏற்றிய விமானம் ஒன்றில் மயாமி நகர் சென்று, ஆகஸ்ட் மாத இறுதியில் தாயகம் திரும்பினார். கல்விக்குப் பிரிந்தவன் மூன்று ஆண்டைக் கடவாது மீள வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. இவர் எட்டே மாதத்தில் மீண்டார். ஆனால் சென்றவர் வேறு, மீண்டவர் வேறு. பயணக் குறிப்புகளைப் பின்னர்த் திருத்தி எழுதியபோது, இவற்றை எழுதியவன் தாயகமண்ணை மிதித்தபோதே இறந்துபட்டான் என்னும் கருத்தை அவரே முகப்பில் வைத்தார்.

1953இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டும் வடக்கே புறப்பட்டார். 1954இல் குவாத்தமாலாவில், ஏழை உழவருக்கு நிலம் பங்கிட முயன்ற அரசை அமெரிக்க உளவுத்துறையின் துணையுடன் கவிழ்த்ததை நேரிற் கண்டார். அமைதியான சீர்திருத்தத்தில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை அங்கே வற்றிற்று. 1955இல் மெக்சிக்கோவில் பிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். ஆர்ஜென்டீனர் பேச்சினிடையே சே என்று சேர்த்து விளிப்பர். எம் மட்டக்களப்பார் கா என்று சேர்ப்பதை ஒத்தது அது. அவ்விளியே அவருக்குப் பெயராயிற்று. 1956 நவம்பர் இறுதியில், எண்பத்திருவர் ஏறிய கிரன்மா என்னும் சிறு கப்பலில் கியூபாவுக்குச் சென்றார். படையினருக்கு வைத்தியராகவே சென்றார். கரையிறங்கிய சில நாளில் எதிரி சூழ்ந்து சுட்டபோது, மருந்துப் பெட்டியும் தோட்டாப் பெட்டியும் அவர் காலடியிற் கிடந்தன. இரண்டையும் சுமக்க முடியாது. அவர் தோட்டாப் பெட்டியை எடுத்தார். ஓதற்பிரிவு முடிந்து பகைவயிற் பிரிவு தொடங்கிய கணம் அதுவெனலாம்.

மலைக்காட்டுப் போரில் அஞ்சாமையால் உயர்ந்தார், தளபதியானார். காட்டிக்கொடுத்த உழவன் ஒருவனைத் தம் கையாலேயே சுட்டுக் கொன்றதையும் தம் குறிப்பேட்டில் மறைக்காது எழுதினார். 1958 டிசெம்பரில் சாந்தா கிளாரா நகரை வென்றார். 1959 புத்தாண்டு நாளில் பற்றிஸ்டா நாட்டைவிட்டு ஓடினான். வெற்றியின் பின் லா கபாஞாக் கோட்டை அவர் பொறுப்பில் வந்தது. அங்கு விரைவு நீதிமன்றங்கள் தீர்த்தபடி, பழைய ஆட்சியின் ஆட்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அத்தீர்ப்புகளை உறுதிசெய்யும் இடத்தில் அவர் இருந்தார். பாலைவனத்தில் முன்பின் அறியாதவருக்குப் போர்வை ஈந்த கையே அவ்வுறுதியையும் வழங்கிற்று. இதனை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது வரலாறாகாது.

அதே ஆண்டு ஜூன் மாதம் தூதிற் பிரிவு நேர்ந்தது. புதிய கியூபாவுக்கு நட்பும் வாணிகமும் தேடி எகிப்து, இந்தியா, யப்பான், இந்தோனேசியா முதலிய நாடுகளுக்குச் சென்றார். புதுதில்லியில் நேருவைச் சந்தித்தார். ஆகஸ்ட் மாதம் இலங்கைக்கும் வந்தார். ஹொரணைப் பகுதியில் யஹலகெலே என்னும் இறப்பர்த் தோட்டத்தைப் பார்வையிட்டு, அங்கு மஹோகனி மரக்கன்று ஒன்றை நட்டார். அவர் வந்து சென்று பன்னிரண்டு ஆண்டு கழியுமுன், 1971 ஏப்ரலில், தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தபோது, மக்கள் அவர்களைச் சேகுவேராக்காரர் என்றே அழைத்தனர். அவ்வெழுச்சியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; அவருட் பலர் பள்ளிப் பருவம் கடந்து சில ஆண்டே ஆனவர். கன்று மரமாயிற்று, பெயரோ குருதியில் நனைந்தது.

கியூபாவில் அவர் மத்திய வங்கியின் தலைவராகவும் கைத்தொழில் அமைச்சராகவும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிற் கரும்பு வெட்டவும் மூட்டை சுமக்கவும் சென்றார். பதவியைத் தமக்கெனப் பயன்படுத்தாத நேர்மையாளர் என்பதைப் பகைவரும் ஒப்புவர். 1965இல் அனைத்தையும் துறந்து கொங்கோ நாட்டுக்குச் சென்று தோற்றார். 1966இல் மாற்றுருவத்தில் பொலிவியாவினுட் புகுந்தார். எந்த உழவருக்காகப் போராடினாரோ அவ்வுழவர் அங்கு அவருடன் சேரவில்லை. 1967 அக்டோபர் 8ஆம் நாள் காயமுற்றுப் பிடிபட்டார். மறுநாள் லா இகேரா என்னும் சிற்றூரின் பள்ளிக்கூட அறையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அகவை முப்பத்தொன்பது. மறைவாகப் புதைக்கப்பட்ட எலும்புகள் முப்பது ஆண்டின் பின் 1997இல் கண்டெடுக்கப்பெற்றுச் சாந்தா கிளாராவில் அடக்கம் செய்யப்பட்டன. நாம் எங்கும் காணும் அம்முகமோ 1960 மார்ச் மாதம் கோர்டா என்னும் படப்பிடிப்பாளர் எடுத்தது. வாணிகத்தை வெறுத்தவரின் முகம் வாணிகப் பொருளாயிற்று.

இனிக் கிரனாடோவை நினைக்க வேண்டும். ஒரே வண்டியில் ஏறியவர். ஒரே பள்ளத்தில் வீழ்ந்தவர். ஒரே பாலையில் அதே இரவு அதே குளிரில் நடுங்கியவர். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. வெனிசுவேலாவில் நோயாளருடன் இருந்தார். 1961இல் நண்பரின் அழைப்பை ஏற்றுக் கியூபா சென்று, உயிர் இரசாயனம் கற்பித்தார். சந்தியாகோ தெ கியூபா நகரில் மருத்துவக் கல்லூரி எழுவதற்கு உழைத்தார். எத்தனையோ மருத்துவர் அவரிடம் பயின்றனர். 2011இல் எண்பத்தெட்டாம் வயதில் ஹவானாவில் இறந்தார். அவர் முகம் எவருடைய மேற்சட்டையிலும் இல்லை.

அட்டக்காமாப் பாலை அவ்விருவரிடமும் ஒரே வினாவைக் கேட்டது. உழைப்பவனுக்குப் போர்வை இல்லாதது ஏன் என்பதே அவ்வினா. விடை இரண்டாயிற்று. சேயின் விடையை எம் நாடு வடக்கிலும் தெற்கிலும் கிழக்கிலும் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டது. எம் வகுப்பறைகளில் வெறுமையான இருக்கைகளைக் கண்ட ஆசிரியர் அதன் விலையை அறிவர். ஆயினும் விடை கசந்தது என்பதற்காக வினாவைத் தள்ளிவிடலாகாது. வினாவை மறந்தோர் முகத்தை மட்டும் ஒட்டிக்கொள்வர். வினாவை அஞ்சுவோர் அம்முகத்தைக் கிழித்தெறிவர். இரண்டும் கல்வியாகா.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணாக்கருக்கும் யான் வேண்டுவது ஒன்றே. இவருடைய பகைவயிற் பிரிவைப் படிப்பதற்கு முன் ஓதற்பிரிவைப் படியுங்கள். வண்டி உடைந்த இடத்திலிருந்து படியுங்கள். அம்முதியவளின் படுக்கையருகிலும், பக்கெடானோவின் மெழுகுதிரி வெளிச்சத்திலும், சான் பாப்லோவின் கரையிலும் சற்று நின்று படியுங்கள். படித்து முடித்ததும் கிரனாடோவின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மருந்துப் பெட்டியைத் தூக்கிச் செல்லவும் ஒருவர் வேண்டும் அன்றோ?